வெள்ளிக்கிழமை அவித்த தமாலே

பிரீசரின் மூடியைத் தூக்கியதும் குளிர்ப்புகை வரவில்லை. மீன் நாற்றம்தான் வந்தது.

தேங்காய்ப்பூ ஒரு பக்கற் எடுக்கத்தான் அன்று காலை நிலவறைக்கு இறங்கியிருந்தேன். மேலே அடுப்பில் பயற்றங்காய் பாதி வெந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் இருக்கும் பிரீசர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆட்டிறைச்சி, திருக்கை, முருங்கைக்காய், ஒடியல்மா என்று உலகம் முழுக்க அதற்குள் கிடக்கும். ஐஸ்கிரீம் டப்பாவும் கிடக்கும், ஆனால் அதற்குள் ஐஸ்கிரீம் தவிர மற்றதெல்லாம் இருக்கும். அந்த உலகம் அன்று தண்ணீரில் மிதந்தது. மேலே கிடந்த மீன் பையை விரலால் அமத்தினேன். விரல் உள்ளே போனது.

எனக்குப் பயம் பிடித்தது. மீனுக்காக இல்லை. பிரீசரின் அடியில் என் மருமகளின் தாய் செய்து வைத்துவிட்டுப் போன தமாலே கிடந்தது. அந்த மனிசி இப்போது உயிரோடு இல்லை.

பிரீசரின் வயர் சுவரோரம் அநாதையாகக் கிடந்தது. அது இருக்க வேண்டிய துவாரத்தில் கிரைண்டரின் வயர் செருகியிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் நாள் வியாழக்கிழமை பேரப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. தூரத்து ரண்டர்ஸ் நகரில் இருந்தெல்லாம் சனம் வந்தது. வடைக்கு உழுந்து அரைக்க வேண்டும். கிரைண்டரின் சத்தத்தில் பிள்ளை எழும்பிவிடும் என்று புதன்கிழமை அதை நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் என் கணவர். நிலவறையில் கரண்டுக்கு இருப்பது ஒரே ஒரு துவாரம்.

"இஞ்சருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சரத்தை மடித்துக் கட்டியபடியே ஓடி வந்தார்.

"என்ன, விழுந்திட்டீரோ?"

"வயரைக் கழட்டினது ஆர்?"

அவர் வயரைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். "கழட்டினது நான்தான்," என்றார். "திருப்பிக் குத்தினனான் எண்டுதான் நினைக்கிறன்."

"நினைச்சால் கரண்ட் வருமோ?"

வேறு நாளென்றால் இதை வைத்தே ஒரு கிழமைக்குக் கதைத்திருப்பேன். அன்று அதற்கு நேரமில்லை. இரண்டு கைகளாலும் சாமான்களை வாரி வெளியே போட்டேன்.

மருமகள் மெக்சிகோக்காரி. டென்மார்க்குக்குப் படிக்க வந்த இடத்தில் என் மகனைக் கண்டு, இருவரும் ஒடென்சேயில் குடியிருக்கிறார்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தாய் வந்து, வைலேயில் எங்கள் வீட்டில்தான் தங்கினா. மகனின் வீடு இரண்டு அறை, அங்கே இருக்கும் பிரீசரில் ஒரு கோழியைப் படுக்க வைத்தால் கதவு பூட்டாது. மகள் பிள்ளை பெற்றதும் சமைக்க ஏலாமல் இருப்பாள், சூடாக்கிச் சாப்பிடட்டும் என்று அந்த மனிசி எங்கள் குசினியில் நின்று தமாலே செய்து அடுக்கினா. சோளமாவைப் பன்றிக் கொழுப்போடு பிசைந்து, காய்ந்த சோளமடலில் பூசி, நடுவில் மிளகாய்க் குழம்பில் வெந்த பன்றி இறைச்சியை வைத்து, மடித்து, நீராவியில் அவிப்பது. இலையப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வையுங்களேன்.

இருக்க விட்ட மூன்று மாதம் முடிய மனிசி திரும்பிப் போனா. போய் ஒரு மாதத்தில் செய்தி வந்தது. காலையில் எழும்பவில்லையாம். தலைக்குள் இரத்தம் கசிந்ததாம். மருமகளுக்கு அப்போது நிறைமாதம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தாயின் முகத்தைத் தொலைபேசியில்தான் கடைசியாகப் பார்த்தாள்.

பிள்ளை பிறந்ததும் பத்தியச் சாப்பாட்டுக்காக நாங்கள்தான் அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம். சரக்குக் கறியை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். தமாலேயை மட்டும் தொடவில்லை, எங்களையும் தொட விடவில்லை. "சாப்பிட்டால் முடிந்துவிடும், மாமி," என்றாள். எங்களுக்குள் பொதுவாக இருப்பது டெனிஷ் ஒன்றுதான். அவள் மாமி, மாமா என்ற இரண்டை மட்டும் தமிழில் சொல்வாள். ஒருநாள் நான் நிலவறைக்கு உடுப்புக் காயப்போட இறங்கியபோது அவள் பிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் மூடியைச் சாத்திவிட்டு மேலே போய்விட்டாள். அன்றைக்கு என் மனதுக்குள், இந்தப் பெட்டிக்கு ஒன்றும் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்ன என் வாயை என்ன செய்வது?

தமாலேப் பைகள் கல்லாய் இறுகிய பலாச்சுளைக்கும் ஆட்டிறைச்சிக்கும் கீழே கிடந்தன. அதுதான் காப்பாற்றியது. நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். வெப்பமானியை எடுத்து வந்து குத்திப் பார்த்தேன். வெளிப்பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது, நடுவில் இன்னும் ஐஸ் நறுக்கென்றது. முகர்ந்தும் பார்த்தேன். சோளமும் மிளகாயும்தான் மணத்தன.

"திருப்பி உள்ளுக்கை வைச்சால்?" என்றார் இவர், வயரைக் குத்திக்கொண்டே.

"உருகின இறைச்சியைத் திருப்பி உறைய வைக்கிறதோ? பிள்ளைக்குப் பால் குடுக்கிறவளப்பா அவள். இண்டைக்கே அவிச்சுச் சாப்பிட வேணும். இல்லாட்டி எறிய வேணும்."

எறிவது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் இரண்டு பைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினார். சட்டை நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மருமகள் பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு தாய்மார் குழுவுக்குப் போயிருந்தாள். ஒரே காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் கூடிக் கோப்பி குடித்துக் கதைக்கும் குழு. மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். அவள் வருவதற்குள் தமாலே ஆவி பறக்க மேசையில் இருந்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். நாசமாய்ப்போன பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை.

பெரிய பானை என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். கொழுக்கட்டையும் மோதகமும் அவிக்கும் பானை. மச்ச மாமிசம் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. சம்பந்தியம்மாவுக்கே அப்போது அயல்வீட்டுப் பானையைத்தான் இரவல் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் வெள்ளிக்கிழமை. இவர் இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு முறியும்வரை பன்றி வெட்டியவர், ஆனால் அந்த உடுப்பை நான் வீட்டு மெஷினில் போட விட்டதில்லை. அப்படிப்பட்டவள் பானையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். சம்பந்தியம்மா செய்ததைப் போலவே ஓட்டை விழுந்த ஐந்து குரோனர் நாணயக் குற்றி ஒன்றைக் கழுவி அடியில் போட்டேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை குற்றி கிலுகிலுக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஊற்ற வேண்டும். அவ முதல்முறை காசைக் கேட்டபோது நான் பிச்சைக்காரருக்குப் போடவாக்கும் என்று நினைத்தேன்.

இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நான் மடித்த பக்கம் கீழே, திறந்த பக்கம் மேலே வருமாறு நிறுத்தி அடுக்கினேன். முதல் பையில் இருந்தவை எல்லாம் மடலைக் கிழித்த நாரால் இடுப்பில் கட்டியவை. அந்த மனிசியின் கட்டு எனக்குத் தெரியும். இரண்டாவது பையைத் திறந்தால் கட்டே இல்லை. இரண்டு பக்கமும் மடித்து, வாலை உள்ளே செருகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்தபோது இவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோற்றுப் பார்சல் கட்டியவர். இன்றைக்கும் எனக்கு வேலைக்குச் சாப்பாடு கட்டித் தந்தால் அலுமினியத் தாளைக்கூட அப்படித்தான் மடித்துச் செருகுவார்.

"இதென்ன, உங்கட பார்சல் மாதிரிக் கிடக்கு?" என்றேன் பகிடியாக.

அடுத்தது என் கைக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னப்பா?"

"அது நான் செய்ததுதான்," என்றார். "அந்தப் பை முழுக்க."

நான் கையில் இருந்த தமாலேயைப் பானையில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கதிரையில் இருந்து சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

"முதல் நாள் அவவே எல்லாம் செய்தா. நீர் வேலைக்குப் போயிட்டீர், பிள்ளையள் ஒடென்சேயிலை. ரெண்டாம் நாள் நான் கோப்பி போட வந்தன். அவவின்ர கையிலையிருந்து கரண்டி விழுந்துது. எடுத்தா. திருப்பியும் விழுந்துது. வலக்கை சொல்லுக் கேக்கேல்லை, விரல் எல்லாம் தொங்கிப் போச்சு. நான் 'டொக்டர், டொக்டர்' எண்டு போனை எடுத்தன். அவ ஓடிவந்து போனைப் பறிச்சுப்போட்டு, விரலை வாயிலை வைச்சா. பிறகு வயித்தைத் தொட்டுக் காட்டினா. சுவரிலை இருக்கிற மகளின்ர படத்தைக் காட்டினா. கையெடுத்துக் கும்பிட்டா. எங்கட ஆக்கள் மாதிரி."

"பிறகு?"

"பிறகென்ன. மா பிசைஞ்சு கிடந்துது, இறைச்சி காய்ச்சிக் கிடந்துது. இடக்கையாலை என்ர கையைப் பிடிச்சுப் பூச வைச்சா. மடிக்கிறது மட்டும் எனக்கு என்ர விதமாத்தான் வந்துது. பின்னேரம் கை சுகமாப் போச்சு, கோப்பையெல்லாம் கழுவினா. நானும் சரி, களைப்பாக்கும் எண்டு விட்டிட்டன்."

அந்த மனிசி எங்கள் குசினியில் நின்றபோதே அந்த நோய் தொடங்கிவிட்டது. இவர் கண்ணால் கண்டிருக்கிறார். கண்டவர் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. செத்த செய்தி வந்த அன்றுகூட, மருமகள் தரையில் இருந்து அழுதபோதுகூட, பக்கத்தில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே! நான் இழுத்துக்கொண்டு போயிருப்பனே ஆஸ்பத்திரிக்கு!"

"அதுதான் சொல்லேல்லை," என்றார். "அவ என்னைக் கும்பிட்டவ."

குற்றி பானைக்குள் கிலுகிலுத்தது. நான் மிச்சத்தையும் அடுக்கி மூடியைப் போட்டேன். "இது அவளுக்குத் தெரியக்கூடாது," என்றேன். "தாயின்ர கையாலை செய்தது எண்டு ஒரு பொருள்தான் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சிக் கிடக்கு. அதிலையும் பாதி உங்கட எண்டு சொல்லி அதையும் பறிக்காதேங்கோ. பால் குடுக்கிறவள். நெஞ்சு வெடிச்சுப்போம்." அவர் வெறும் பையை மடித்து, வாலை உள்ளே செருகினார்.

வெப்பமானி எழுபத்தைந்தைக் காட்டும் நேரம் வாசற்கதவு திறந்தது. வண்டில் சில்லு படியில் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மருமகள் ஒரு சப்பாத்தைக் கழற்றியபடி, மற்றது காலோடு இருக்க, அப்படியே நின்றாள். வாசனை அவளை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டது.

"மாமி," என்றாள். "என்ன செய்தீர்கள்?"

நான் ஒரே மூச்சில் சொன்னேன். கிரைண்டர், வயர், உருகின மீன், அடியில் ஐஸ் இருந்தது, எறிய மனமில்லை. என் டெனிஷ் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கழற்றாத சப்பாத்தோடு குசினிக்குள் வந்து மேசைக் கதிரையில் இருந்தாள்.

"தாருங்கள்," என்றாள்.

நான் கவனமாகக் கட்டுப் போட்ட தமாலே இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். நாரை அவிழ்த்தாள், மடலை விரித்தாள், ஒரு வாய் வைத்தாள். கண்ணீர் தாடையில் இருந்து சொட்டியது, துடைக்கவில்லை. அழுதபடியே ஒன்றைச் சாப்பிட்டு முடித்தாள், மற்றதையும் முடித்தாள். "உப்புக் கொஞ்சம் கூட," என்றாள். "அம்மா எப்போதும் இப்படித்தான்." எனக்கு மூச்சு வந்தது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அவள் எழும்பிப் போய்த் தானே பானையின் மூடியைத் திறந்தாள்.

நான் பிள்ளையோடு எழும்புவதற்குள் கட்டில்லாத ஒன்று அவள் கையில் இருந்தது. சுடுகிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வாலை வெளியே இழுத்தாள், திரும்ப உள்ளே செருகிப் பார்த்தாள்.

"இது அம்மா மடித்தது இல்லை."

"பிரீசருக்குள் கழன்றுபோயிருந்தது," என்றேன். "நான்தான் மடித்து வைத்தேன்." பொய் என் வாயில் இருந்து எவ்வளவு லேசாக வந்தது என்று நானே திகைத்தேன்.

"இல்லை," என்றார் இவர். "நான்."

அவருடைய டெனிஷ் தொழிற்சாலையில் பொறுக்கியது. இருபது சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். கரண்டி விழுந்தது, கை வேலை செய்யவில்லை, நான் டொக்டர் என்றேன், அவ வேண்டாம் என்றா, உனக்குச் சொல்ல வேண்டாம் என்றா, பிள்ளை வயிற்றில் என்றா. நான் சொல்லவில்லை. அவ்வளவுதான். தன் பக்கத்து நியாயம் என்று ஒரு சொல் சேர்க்கவில்லை.

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரி இங்கே பக்கத்தில் இருக்கிறது," என்றாள். "பஸ்ஸில் போகலாம். மாமா, பஸ்ஸில் போயிருக்கலாம்."

"ஓம்," என்றார் அவர் தமிழில்.

"அம்மா உயிரோடு இருந்திருப்பா."

"ஓம். இருந்திருப்பா."

அந்த ஓம் என்னை உலுக்கிவிட்டது. இல்லை மகள், அப்படியில்லை, விதி என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். நானென்றால் சொல்லியிருப்பேன். பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. நான் தோளில் போட்டு ஆட்டினேன். இப்போது அவள் உடுப்பை அடுக்கிக்கொண்டு ஒடென்சேக்குப் போய்விடுவாள், இந்தப் பிள்ளையை இனி நாங்கள் காண மாட்டோம் என்று நினைத்தேன். அதை அங்கேயே நினைத்தேன், பயந்தேன்.

அவள் கையில் இருந்த தமாலேயைத் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எந்தக் கை?"

அவர் தன் வலக்கையைத் தூக்கி, மணிக்கட்டில் இருந்து தொங்கவிட்டுக் காட்டினார்.

"அப்படியென்றால் எப்படிச் செய்தீர்கள்?"

"அவ என் கையைப் பிடித்தா. இடக்கையால். பிடித்துப் பூசினா."

அவள் சாப்பிட்ட தமாலேயின் மடல் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, கையால் நீவித் தட்டையாக்கினாள். மேசை லாச்சியை இழுத்து ஒரு கரண்டியை எடுத்து வலக்கையில் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"காட்டுங்கள்," என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கத்தில் மாமன் மருமகளைத் தொடுவதில்லை. ஒரு கோப்பையைக்கூட அவர் அவளுக்கு மேசையில் வைத்துத்தான் கொடுப்பார். என் கையையே நாலுபேர் முன்னால் பிடித்தவர் இல்லை. நான் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். அவர் எழும்பிப் போய் அவளுக்குப் பின்னால் நின்று, இடக்கையால் அவளுடைய மணிக்கட்டைப் பட்டும் படாமலும் பிடித்தார். வெறும் கரண்டி வெறும் மடலில் மேலிருந்து கீழே போனது, திரும்ப மேலே வந்தது.

அவள் அவரை மன்னித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இவ்வளவு மெதுவாகவா பிடித்தா?" என்றாள்.

"இல்லை," என்றார் இவர். "நன்றாக இறுக்கி. அவவுக்குப் பயம்."

"இறுக்கிப் பிடியுங்கள், மாமா."

அவர் இறுக்கிப் பிடித்தார்.